பபோய் எழுந்திரிச்சிருச்சா?

கிளாரிபெல் வேலைக்குச் சேர்ந்த திங்கட்கிழமை காலையில் ரெனாந்தே அவளிடம் ஒரு தாளை நீட்டினார். மொத்தம் ஒன்பது வரி. மேலே, 'புதிதாகச் சேர்பவர்களுக்கு: ஒரு மணி நேர வேலை' என்று தலைப்பு.

"இதைப் பார்த்து அப்படியே செஞ்சுட்டு வா, இந்தாய். மத்தியானத்துக்குள்ள உன் மெஷின்ல பபோய் எழுந்திரிச்சிரும்," என்றார்.

இந்தாய் என்றால் தங்கச்சி, பபோய் என்றால் பன்றி. இலோய்லோ நகரத்தில் ஹாரோ பக்கம், ஒரு ரொட்டிக்கடை மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகம் நடத்தியது ஒரே ஒரு வலைத்தளம்தான். ஊர்த் திருவிழாவான பியஸ்தா, கல்யாணம், ஞானஸ்நானம் எதுவானாலும் முழுப் பன்றியைக் கரி நெருப்பில் சுழற்றி வாட்டித் தரும் லெச்சோன்காரர்களிடம் மாகாணத்தின் எந்த மூலையிலிருந்தும் அதில் ஆர்டர் கொடுக்கலாம். தளத்துக்கு லட்சணமான பெயர் ஒன்று உண்டு. அலுவலகத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. பபோய்தான். அதில் கை வைக்கிற எவரும் முதலில் அதன் நகலைத் தன் கணினியில் ஓட வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே உடைத்துப் பார்த்து, ஒட்டிப் பார்த்து, சரியாக வந்தால்தான் வெளியே அனுப்பலாம். நகல் ஓட ஆரம்பித்துவிட்டால் பபோய் எழுந்துவிட்டது என்று அர்த்தம்.

தாளை வாங்கிக்கொண்டு கிளாரிபெல் தன் மேஜைக்குப் போனாள். பக்கத்து மேஜையில் தளத்துக்குப் படமும் பக்கமும் வரைகிற யூனிஸ். இருபத்தேழு வயது, வாய் ஓயாது.

"ஒரு மணி நேரம்னு போட்டிருக்கா, மனாங்?" என்று அக்கா முறை வைத்து எட்டிப் பார்த்தாள் யூனிஸ். "எனக்கு எட்டு நாள் ஆச்சு. எனக்கு முன்னாடி வந்தவன் நாலாவது நாள் சாப்பிடப் போனான். இன்னும் திரும்பல."

"நான் வீட்லேருந்து சாப்பாடு கொண்டாந்துருக்கேன். எங்கயும் போக மாட்டேன்," என்றாள் கிளாரிபெல்.

சிரித்துச் சொன்னாலும் பயம் இருந்தது. வயது முப்பத்து நான்கு. எட்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டார்கள். இவளுக்கும் வேலை உத்தரவுக் காகிதம் வந்தது. கணவன் ஏற்கெனவே கப்பல் வேலையில். ஒன்பது வயது மகளை வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவர் கடலுக்கு அப்பால் இருந்தால் போதும் என்று முடிவு செய்தாள். ஒரு வருஷம் வீட்டிலிருந்தே வலைத்தள வேலை படித்தாள். இந்த அலுவலகத்தில் ஒரு மாதம் சோதனைக்காலம். அதற்குள் வேலை தெரிந்தவள் என்று காட்ட வேண்டும்.

முதல் இரண்டு வரிகள் ஒழுங்காகப் போயின. மூன்றாவது வரியில் முட்டிக்கொண்டது. தாள் சொன்ன மென்பொருள் பதிப்பை யாரும் இப்போது கொடுப்பதே இல்லை. புதிய பதிப்பைப் போட்டால் திரை முழுக்க சிவப்பு எழுத்து.

கிளாரிபெல் பையிலிருந்து கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்தாள். அளவுகோல் வைத்து நான்கு கட்டம் பிரித்தாள். நேரம், அறிகுறி, கொடுத்தது, பலன். முதல் கட்டத்தில் ஒன்பது நாற்பது என்று எழுதினாள்.

காபி எடுக்க எழுந்த ரெனாந்தே நின்று பார்த்தார். "என்ன இந்தாய், டைரியா?"

"நோயாளி சார்ட், மனோங்," என்றாள், எல்லாரும் அவரை அழைக்கிற அண்ணன் முறையில்.

"நோயாளி யாரு?"

"பபோய்தான்."

அவர் சிரித்துவிட்டுப் போனார். ஏழு வருஷத்துக்கு முன்னால் தனியாளாக உட்கார்ந்து பபோயை எழுதியவர் அவர். தாளில் இருந்த ஒன்பது வரியும் அவருடையவை. அவருக்குச் சந்தேகம் இருக்க நியாயமில்லை.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் நோட்டில் பதினேழு வரிசை நிரம்பியிருந்தது. பழைய பதிப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து, புதியதோடு சண்டை போடாமல் தனியாக உட்கார வைத்திருந்தாள். சிவப்பு எழுத்து போயிற்று. அதற்குப் பதில் வெள்ளைத் திரை வந்தது. ஒரு புள்ளிகூட இல்லாத சுத்த வெள்ளை.

"முன்னேற்றம்தான்," என்றாள் யூனிஸ். "எனக்கு வெள்ளை வர மூணு நாளாச்சு."

மறுநாள் காலை வெள்ளைத் திரையின் காரணம் தெரிந்தது. டேட்டாபேஸ் அவளை உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டு தப்பு என்றது. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தாள். தப்பில்லை. அப்படியானால் யாரிடம் பாஸ்வேர்டு சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று யோசித்தாள். வார்டில் ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் வந்துவிடுவார்கள். கட்டில் எண் பார்க்காமல் ஊசி போடவே கூடாது. பார்த்தாள். படிக்கும் காலத்தில் பயிற்சிக்காகப் போட்ட பழைய டேட்டாபேஸ் ஒன்று அவள் லேப்டாப்பில் இன்னும் உயிரோடு இருந்தது. புதியது குடிவர வேண்டிய கதவு எண்ணில் அதுதான் குந்தியிருந்தது. இத்தனை நேரமும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது அது. அதை நிறுத்தினாள்.

பக்கம் வந்தது!

வந்தது, ஆனால் பன்றிகள் இல்லை. விலை இருந்தது, எடை இருந்தது, 'மொறுமொறுப்பான தோல்' என்ற விளம்பரம் இருந்தது. படம் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் கிழிந்த காகிதம் போல ஒரு சின்னக் குறி.

"என் மெஷின்ல ஓடுதே," என்றார் ரெனாந்தே தன் இடத்திலிருந்து. தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். பொன்னிறப் பன்றிகள் வரிசையாகப் படுத்திருந்தன. "பாரு. என்ன அழகா இருக்கு."

"எங்களுக்கும் தெரியும், மனோங். உங்க மெஷின்ல எல்லாமே ஓடும்," என்றாள் யூனிஸ்.

மத்தியானம் வரை பொறுத்த ரெனாந்தே, பிறகு பொறுமை இழந்து கிளாரிபெல்லின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "நகரு இந்தாய். எல்லாத்தையும் அழிச்சுட்டு மொதல்லேருந்து போட்டுரலாம். நான் எப்பவும் அதான் செய்வேன்." அவர் விரல் விசைப்பலகைக்கு வந்துவிட்டது.

"கையை எடுங்க, மனோங்."

அந்தக் குரல் அலுவலகத்துக்குச் சொந்தமான குரல் அல்ல. டிரிப்ஸ் குழாயைத் தானே பிடுங்கப் பார்க்கிற உறவுக்காரர்களிடம் பேசுகிற வார்டுக் குரல். ரெனாந்தே கையை எடுத்துவிட்டார். யூனிஸ் நாற்காலியைச் சுழற்றிச் சுவரைப் பார்த்துக்கொண்டாள். கிளாரிபெல்லுக்கே தூக்கிவாரிப் போட்டது. வேலைக்கு வந்து இரண்டாவது நாள், இந்த வீட்டைக் கட்டிய மனிதரிடம்!

"மன்னிச்சுக்கங்க, மனோங்," என்றாள் தாழ்ந்த குரலில். "ஒரே நேரத்துல நாலு மருந்து குடுத்தா எதுல பிழைச்சான்னும் தெரியாது, எதுல போனான்னும் தெரியாது. ஒண்ணொண்ணா பார்த்துட்டு வர்றேன். இன்னிக்கு ஒரு நாள் குடுங்க."

"சரி சரி. உன் நோயாளி," என்று காது சிவக்கத் தன் இடத்துக்குப் போனார்.

மூன்று மணிக்குக் கீழேயிருந்து வெண்ணெய் தடவி வாட்டிய பிஸ்கோச்சோ ரொட்டி வந்தது. ரெனாந்தே ஒரு துண்டை அவள் மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தார். கோபம் இல்லை என்பதற்கு அது அடையாளம் போலும். அவள் ரொட்டியைக் கடித்தபடி ஒரே ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பெயரை இரண்டு இடத்தில் பார்த்தாள். புரோகிராம் கோடில் ஓரிடத்தில். ஃபோல்டரில் ஓரிடத்தில். பத்து நிமிஷம் பார்த்தும் ஒன்றும் புலப்படவில்லை. பிறகு விரல் வைத்துப் பார்த்தாள், வார்டில் மருந்துச் சீட்டுப் படிப்பது போல.

கோடில் 'லெச்சோன்' என்ற பெயரின் முதல் ஆங்கில எழுத்து பெரியது. ஃபோல்டரில் சின்னது.

"மனோங், உங்க மெஷினுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒண்ணா?"

ரெனாந்தே திரும்பினார். "ஆமா. அது கண்டுக்காது."

"என்னோடது கண்டுக்கும். அதுக்கு ரெண்டும் வேற வேற ஆளு."

பெயர்களைத் திருத்தினாள். பக்கத்தைப் புதுப்பித்தாள். மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகப் பன்றிகள் வந்து படுத்தன. யூனிஸ் போட்ட கூச்சலில் உள்ளறையிலிருந்து முதலாளியம்மாள் மாம் பிலார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்னடி, யாருக்கு என்ன ஆச்சு?"

"பபோய் எழுந்திரிச்சிருச்சு, மாம்! ரெண்டே நாள்ல!"

"முழுசா எழுந்திரிச்சிருச்சா? ஒரு ஆர்டர் போட்டுப் பாரு."

கிளாரிபெல் ஒரு நடுத்தரப் பன்றியைத் தேர்ந்தெடுத்து, நாள் பார்க்கும் பொத்தானை அழுத்தினாள். பபோய் படுத்துவிட்டது. 'பியஸ்தா பட்டியல் கிடைக்கவில்லை' என்று ஒரே ஒரு வரி.

அவள் தேடினாள். பகிர்ந்து வைத்த கோடில் எங்கும் அப்படி ஒரு ஃபைல் இல்லை. நோட்டில் குறித்துக்கொண்டு ரெனாந்தேயிடம் போனாள்.

"மனோங், பியஸ்தா பட்டியல்னு ஒண்ணு எங்க இருக்கு?"

"அதா? எந்த ஊர்ல என்னிக்கு பியஸ்தா, அன்னிக்கு எந்த லெச்சோன்காரர் எத்தனை பன்றி தருவாருன்னு இருக்கும். எல்லார்கிட்டயும் இருக்கே."

"எனக்கு வரல."

"வரும். யூனிஸ்கிட்ட இருக்கு பாரு. யூனிஸ், திறந்து காட்டு."

யூனிஸ் திறந்தாள். இருந்தது. ஆனால் அதில் இருந்த தேதிகள் எல்லாம் மூன்று வருஷம் பழையவை.

"அட!" என்றாள் யூனிஸ். "எட்டாவது நாள் நீங்க ஒரு பென் டிரைவ் கொண்டாந்து எதையோ போட்டீங்களே, மனோங், அதுவா இது? அதான் என் மெஷின்ல எப்ப பார்த்தாலும் போன பியஸ்தாவே வருதா! நான் அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

ரெனாந்தே தன் மேஜைக்குத் திரும்பினார். தன் லேப்டாப்பில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கிளாரிபெல் அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். எந்தெந்த ஃபைல்களைப் பகிரக் கூடாது என்று எழுதி வைக்கிற பட்டியல் திரையில் வந்தது. அதன் கடைசியில் பியஸ்தா ஃபைலின் பெயர் இருந்தது. பக்கத்திலேயே அவரே எழுதிய குறிப்பு: 'தற்காலிகமாக.' தேதி ஏழு வருஷத்துக்கு முந்தியது.

"அப்போ வெளியில ஓடுற நிஜ தளத்துக்கு இது எப்படிப் போகுது, மனோங்?"

"நான் அனுப்புறேன்," என்றார் அவர் மெல்ல. "சனிக்கிழமை எல்லா லெச்சோன்காரங்களுக்கும் போன் போட்டுக் கேட்டு இதுல ஏத்துவேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சர்வருக்கு அனுப்புவேன். வாரா வாரம்."

"வேற யார்கிட்டயும் இது இல்லையா?"

"இல்ல."

மாம் பிலார் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "ரெனாந்தே. போன மாசம் உன் லேப்டாப்பை ஜீப்னி பஸ்ல விட்டுட்டு, பின்னாலயே ட்ரைசிகிள்ல துரத்திக்கிட்டுப் போனியே."

"ஆமா, மாம்."

"அதுக்குள்ளதான் என் மொத்தக் கடையும் இருந்துச்சா?"

ரெனாந்தேயின் முகம் வெளுத்தது. அவர் மனைவி எமிலிதா ஏழு வருஷமாகக் கேட்கிற கேள்வி கிளாரிபெல்லுக்குத் தெரியாது, ஆனால் அவருக்கு அப்போது காதில் விழுந்திருக்க வேண்டும்: ஞானஸ்நானத்துக்கும் இந்த லேப்டாப்பைத் தூக்கிட்டு வரணுமா? கடற்கரைக்குமா? சிக்னல் இல்லாத ஊருக்கு அவர் போனதே இல்லை. தன்னால்தான் எல்லாம் ஓடுகிறது என்ற பெருமை கொஞ்சமும், விட்டுவிட்டுப் போனால் என்ன ஆகுமோ என்ற நடுக்கம் நிறையவுமாக ஏழு வருஷம் சுமந்திருக்கிறார்.

திடீரென்று அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று கிளாரிபெல் குனிந்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"தற்காலிகமாக!" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்தாய், அதை அழி. நீயே அழி. எனக்கு மனசு வராது."

அவள் அந்த வரியை அழித்தாள். ஃபைலைப் பொதுவில் வைத்தாள். ஒரு நிமிஷத்தில் அது அவள் லேப்டாப்புக்கும் வந்து சேர்ந்தது. நாள் பார்க்கும் பொத்தானை அழுத்தினாள். பிப்ரவரி இரண்டாம் தேதி, ஹாரோ பியஸ்தா, இன்னும் பதினோரு பன்றிகள் பாக்கி. பபோய் நான்கு காலிலும் நின்றது.

புதன்கிழமை காலை, கிளாரிபெல் தன் சார்ட்டைப் பார்த்துப் புதிய தாள் ஒன்று எழுதி முடித்தாள். ஒன்பது வரி இருபத்தாறு வரியாகியிருந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க இதுவரை பபோய் தொடாத கணினி ஒன்று வேண்டும், இதுவரை பபோயைத் தொடாத ஆளும் வேண்டும்.

"எனக்கு ஒரு பழைய லேப்டாப் இருக்கு," என்றார் மாம் பிலார். "ஆளுக்கு நான் இருக்கேன்."

"மாம், நீங்களா?" என்றார் ரெனாந்தே.

"ஏன், எனக்குப் படிக்கத் தெரியாதா? ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் மளிகை லிஸ்ட்டா பார்த்துக்கிட்டிருந்தேன்?"

கிளாரிபெல் ஒரு நிபந்தனை போட்டாள். மாம் தாளை மட்டும் பார்த்துச் செய்ய வேண்டும். மற்றவர்கள் வாயைத் திறக்கக் கூடாது. மாம் எங்கே தடுமாறினாலும் தப்பு தாளுடையது, மாமுடையது அல்ல.

மாம் பிலார் ஒவ்வொரு வரியையும் ஜெபம் சொல்வது போல உரக்கப் படித்துவிட்டு ஒற்றை விரலால் தட்டினார். நான்காவது வரியில் நின்றார்.

"டெர்மினலைத் திற. எந்த டெர்மினல்? பஸ் டெர்மினலா?"

யூனிஸ் சிரிப்பை அடக்க ஸ்வெட்டர் கையை வாயில் அடைத்துக்கொண்டாள். கிளாரிபெல் தாளில் ஒரு வரி சேர்த்தாள்: 'கறுப்புப் பெட்டி போன்ற படத்தை அழுத்தவும்.' மாம் மேலே போனார். பதினோராவது வரியில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். ரெனாந்தேவுக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலியில் நெளிந்தார், எழுந்தார், உட்கார்ந்தார், கடைசியில் ஒரு முழு பிஸ்கோச்சோவை வாய்க்குள் திணித்துக்கொண்டார். திரையில் எரர் வந்தது. மாம் பதறவில்லை. தாளைப் பார்த்தார். அந்த எரர் அங்கே இருந்தது, என்ன செய்ய வேண்டும் என்பதோடு.

"இது வரும்னு எழுதியே வெச்சிருக்காளே!" என்று ஆச்சரியப்பட்டுத் திருத்தினார்.

ஐம்பத்திரண்டாவது நிமிஷத்தில் மாம் பிலாரின் பழைய லேப்டாப்பில் பன்றிகள் வந்து படுத்தன. அவர் கண்ணாடியைச் சரிசெய்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு இரண்டு கையையும் மேலே தூக்கி, "நான் எழுப்பினேன்! என் கையால நான் எழுப்பினேன்!" என்று கத்தினார். யூனிஸ் மேஜையைத் தட்டினாள். வாயில் ரொட்டியோடு ரெனாந்தே ஏதோ முழங்கினார். கீழேயிருந்து ரொட்டிக்கடைக்காரர் படியேறி வந்து, கல்யாணமா என்று கேட்டார்.

மாம் விடவில்லை. ஆர்டரும் போட்டார். பெரிய பன்றி ஒன்று, வெள்ளிக்கிழமை மத்தியானம், இந்த அலுவலக முகவரிக்கு. நன்றி என்று திரை சொன்னது.

"இது வந்துருமா?"

"வராது, மாம். இது நகல்தானே. இங்க போடுற ஆர்டர் எங்கயும் போகாது," என்றாள் கிளாரிபெல்.

"அப்போ நிஜத்துலயும் ஒண்ணு போடு. நாலு பேருக்கு பெரிசு அதிகம்னு யாரும் வாயைத் திறக்காதீங்க. கீழ இருக்கிறவங்களும் சாப்பிடுவாங்க." எழுந்து உள்ளே போனவர் வாசலில் திரும்பினார். "கிளாரிபெல், அந்த ஒரு மாசச் சோதனை இருக்கே, அதை நான் மறந்துட்டேன். நீயும் மறந்துரு."

வெள்ளிக்கிழமை பன்றியைத் தின்று முடித்ததும் ரெனாந்தே தன் லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியைக் கிளாரிபெல்லிடம் கொடுத்தார். சனியும் ஞாயிறும் எமிலிதாவோடு கிமாராஸ் தீவுக்குப் போவதாகச் சொன்னார். படியிறங்கினவர் திரும்பி வந்து, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கினார்.

சனிக்கிழமை கிளாரிபெல் வீட்டிலிருந்தபடியே லெச்சோன்காரர்களுக்குப் போன் போட்டாள். முப்பத்தொரு பேர். பாதிப்பேர் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்.

"ரெனாந்தே எங்கம்மா? உடம்புக்கு முடியலையா?"

"லீவுல போயிருக்காரு, மனோங்."

"லீவா! ரெனாந்தேயா! ஆஸ்பத்திரின்னா மறைக்காம சொல்லிரு."

அத்தனை பேரையும் நம்ப வைத்து, எண்ணிக்கைகளை வாங்கி ஏற்றி முடித்தபோது இருட்டுவதற்குக் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து அனுப்புகிற வேலையைச் சர்வரே செய்துகொள்ளும்படி எழுதிவிடலாம் என்று யோசித்து வைத்திருந்தாள். இந்த ஒரு ஞாயிறு மட்டும் கையால் அனுப்ப வேண்டும்.

ஞாயிறு மூன்று மணிக்குப் போன் அடித்தது. பின்னால் அலைச் சத்தம்.

"இந்தாய், மறந்துராத, இன்னிக்கு..."

"அனுப்பிட்டேன், மனோங். ரெண்டரைக்கே."

"எரர் எதும்..."

"வரல."

"பவியா ஊர்க் கணக்கு..."

"நாற்பத்திரண்டு. நிஜ தளத்துலயும் போய்ப் பார்த்துட்டேன். சரியா இருக்கு."

"அப்போ நான் இப்ப என்ன பண்றது?"

தூரத்திலிருந்து எமிலிதாவின் குரல் வந்தது. "கேக்குறாரு பாரு கேள்வி! கடல்ல இறங்கச் சொல்லு, கிளாரிபெல்! நேத்திலேருந்து சட்டையைக் கழட்டாம மணல்லயே உக்காந்திருக்காரு!"

"இறங்குங்க, மனோங்."

"போனை என்ன பண்ண?"

"மனாங் கையில குடுத்துட்டு இறங்குங்க."

போன் கைமாறியது. யாரோ ஓடுகிற சத்தம், ஒரு பெரிய அலறல், தண்ணீர் சிதறும் சத்தம். "இறங்கிட்டாரு!" என்று எமிலிதா கத்தினார். "ஐயோ, என்னையும் இழுக்குறாரு, போன் நனைஞ்சிரும், வெச்சிடுறேன்!" தொடர்பு அறுந்தது.

கிளாரிபெல் சிரித்த சிரிப்பில் மகள் பக்கத்து அறையிலிருந்து வந்து நின்றாள்.

"யாரும்மா அது? எதுக்கு அப்படிக் கத்துறாரு?"

"எங்க ஆபீஸ் மனோங். லீவுல இருக்காரு."

"லீவுன்னா அப்படியா கத்துவாங்க?"

"பழக்கம் இல்ல, பாவம்," என்று லேப்டாப்பை மூடினாள் கிளாரிபெல். "செருப்பைப் போடு. வா, நாமளும் பிளாசா மைதானத்துக்குப் போயிட்டு வருவோம்."